இரண்டாவது முறை கேட்காத மலை

தாகத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை என் முகத்துக்கு நேராக நீட்டிய ஒரு பெண்மணியிடம், “நோ நோ, ஐயாம் ஃபைன்” என்று சொல்லி அவரை வழியனுப்பி வைத்தவன் நான். பக்கத்தில் கடை கிடையாது, வீடு கிடையாது, செல்போனில் சிக்னலும் கிடையாது. எட்டாயிரம் அடி உயரம். மூளை வேலை செய்யாததற்குக் காற்றில் பிராணவாயு குறைவாக இருந்ததைக் காரணம் காட்டலாம்தான். ஆனால் தரைமட்டத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே கலிஃபோர்னியாவில் இருக்கிற டப்ளினில் ஐம்பதைத் தொடும் தமிழ் ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு பிடித்தாக வேண்டும். சிலர் ஆள் உயரக் கேமராவோடு பறவைகளைத் துரத்துகிறார்கள். சிலர் கொல்லையில் இரும்புப் பீப்பாய் வைத்து இறைச்சிக்குப் பகல் முழுக்கப் புகை போடுகிறார்கள். எனக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியதால் சைக்கிள். அதற்கென்று ஒரு கால்சட்டை விற்கிறார்கள். குடும்பஸ்தன் போடத் தகாத இறுக்கம். அதை மாட்டிக்கொண்டு ஒருநாள் கறிவேப்பிலை வாங்க இந்தியக் கடைக்குள் நுழைந்தேன். காய்கறிப் பக்கம் நின்றிருந்த ஆன்ட்டிகள் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டுக் கதிர். சென்னைக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், எலும்பும் உற்சாகமும் மட்டுமே உள்ளவன். ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் யாரோ சைக்கிள் ஓட்டும் வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலையே வந்து நின்றான். “பாஸ், ஆல்ப்ஸ்னா விசா, லீவுன்னு ஆயிரம் ரோதனை. நம்ம ஊர்லயே ஆல்பைன் கவுண்டின்னு ஒண்ணு இருக்கு. ஒரு சாட்டர்டே டிரைவ் பண்ணிப் போய் அடிச்சிடலாம்.” கதிர் ‘நம்ம ஊர்’ என்றது கலிஃபோர்னியாவை. எனக்கு அந்தச் சொல் வாய்க்கு வரும்போதெல்லாம் எந்த ஊர் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படித்தான் சியரா நெவாடாவின் கிழக்குச் சரிவில், நடுக்கோடுகூடப் போடாத ஒரு சாலையின் அடிவாரத்தில் நின்றேன். என் மனைவி சுதா தயிர்சாதத்தோடு வேனை உச்சிக்கு ஓட்டிப்போய்க் காத்திருப்பது என்றும், நாங்கள் இருவரும் ஏறி வருவது என்றும் ஏற்பாடு. கிளம்புமுன் சுதா இரண்டாவது பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்றேன். சைக்கிளில் ஒவ்வொரு கிராம் எடையும் முக்கியம் என்று இணையத்தில் படித்திருந்தேன். தொப்பையை வேனில் விட்டுவரும் வழியை அதே இணையம் சொல்லியிருக்கவில்லை.

ஊரில் இருந்துகொண்டு என் படங்களுக்கு ‘வாவ்’ போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மலை அழகு என்பதெல்லாம் காரில் போகிறவன் கிளப்பிவிட்ட வதந்தி. சைக்கிளில் ஏறுகிறவனுக்கு மலை ஒரு விரோதி. ஒரு வளைவு முடிந்தால் ஓய்வு வரும் என்று ஆசை காட்டி, அதைவிடச் செங்குத்தான வளைவைக் கொண்டுவந்து நிறுத்தும். பைன் மரங்கள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கள் மாதிரி இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அமைதி வேறு. என் மூச்சிரைப்பை எனக்கே ஒலிபரப்பிக் காட்டும் அமைதி. கீழே பள்ளத்தில் ஓடை சலசலத்தது. அதைக் குடித்தால் வயிற்றுக்குள் ஏதோ கிருமி குடித்தனம் வந்துவிடும் என்று கதிர் காலையிலேயே பயமுறுத்தியிருந்தான். பவானி ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்து வளர்ந்த வயிறுதான். அதற்கும் இப்போது இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

பாதி தூரத்தில் கதிர் கண்ணுக்கு மறைந்தான். அதற்குச் சற்று மேலே தண்ணீர் தீர்ந்தது. அப்போது மேலே ஏறிப்போன ஒரு பிக்கப் டிரக் வேகம் குறைத்தது. பின்னிருக்கையில் நாய். ஓட்டிய தாடிக்காரர் தலையை நீட்டி, “யூ குட்?” என்றார். “ஐயாம் குட்” என்றேன். அவர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர்தான் அந்தப் பெண்மணி. எழுபதை நெருங்கியவர், வெள்ளைப் பின்னல், என் சைக்கிளைவிடப் பழைய சைக்கிள். என்னை முந்திப் போனவர் காலூன்றி நின்று, தன்னிடம் கூடுதலாக ஒரு பாட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று நீட்டினார். பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. என் தொண்டை அதைப் பார்த்தது. என் வாய், என்னைக் கலந்துகொள்ளாமல், வேண்டாம் என்றது.

தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் ‘வேண்டாம்’ என்பது மறுப்பு அல்ல, சடங்கின் முதல் வரி. என் சொந்த ஊரான கோபியில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டாம் என்போம், இப்போதுதான் குடித்தேன் என்போம். “அட, அரை டம்ளராச்சும்” என்பார்கள். சரி, அரை டம்ளர் என்போம். முழு டம்ளர் வரும். முதல் தடவையே சரி என்கிறவன் பறக்காவெட்டி, இரண்டாம் தடவை கேட்காதவர் கஞ்சர். நானும் முறைப்படி முதல் வரியைச் சொல்லிவிட்டு, முகத்தில் இளம் சிரிப்போடு அவருடைய வரிக்காகக் காத்திருந்தேன். அவர், “ஓகே! ஹேவ் ஃபன்!” என்று பாட்டிலைச் சைக்கிள் சட்டத்தில் செருகிக்கொண்டு ஏறிப் போனார். அந்த வெள்ளைப் பின்னல் வளைவில் மறைகிற வரைக்கும், திரும்பிப் பார்ப்பார் என்று நம்பினேன்.

இந்த நாடு எனக்குச் செய்த பழைய துரோகம் இது. அலுவலகத்தில் ஒருமுறை மேலாளர் கூப்பிட்டு, டீமை நீ நடத்துகிறாயா என்று கேட்டார். என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்களே என்று அடக்கமாகச் சொன்னேன். அவர் என் நேர்மையைப் பாராட்டிவிட்டு, அப்படியொரு தகுதியானவரைத் தேடிப் போட்டுவிட்டார். அவருக்குக் கீழே ஆறு வருடம் வேலை பார்த்தேன். இவர்கள் மனிதனின் வார்த்தையை அப்படியே நம்பிவிடுகிறார்கள். இதைவிட முரட்டுத்தனம் இருக்க முடியுமா?

ஆனால் அன்று சாலையோரப் பாறைமேல் உட்கார்ந்து, தொடை தசைப்பிடிப்பில் துடிக்க, கண்ணில் பூச்சி பறக்க, எனக்கு ஞாபகம் வந்தது அந்த மேலாளர் அல்ல. கோபியில் இருக்கிற தங்கை மாலதி. போன வருடம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது காபி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம்மா என்றேன். சரிங்ணா என்று உட்கார்ந்து, மகளின் கல்லூரி அட்மிஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அரை டம்ளர் வரவில்லை. ‘அமெரிக்காக்காரர், வேண்டாம்னா வேண்டாம்தான்’ என்று என் தங்கையே முடிவு கட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். விமானத்தில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் காபி நெஞ்சில் நின்றது. இங்கே இரண்டாம் தடவை கேட்கத் தெரியாது. அங்கே என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் வாய் உலர்ந்துபோய் ஒரு பாறைமேல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்து நின்றால் தலை சுற்றியது. உச்சியில் இருக்கும் சுதாவுக்கு விஷயம் போய்ச்சேர வழியில்லை. வேன் கீழே இறங்கி வர வேண்டுமானால் அவளாக எனக்காகப் பயப்பட வேண்டும். நான் நிதானமாக ஓட்டுகிறவன் என்பதால் அதற்கு இன்னும் நெடுநேரம் ஆகும். முதல் தடவையாக உண்மையான பயம் வந்தது.

அப்போது அதே பிக்கப் இறங்கி வந்தது. அதே நாய், அதே தாடி, அதே “யூ குட்?”. வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. அதை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். “நோ. ஐ நீட் வாட்டர்.” கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோதுகூட எனக்கு இத்தனை கூச்சம் இருந்ததில்லை. அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் வாசனையோடு இருந்தது. அங்கேயே நின்று முழுவதையும் குடித்தேன். போகும்போது இன்னொன்று வேண்டுமா என்றார். “நோ நோ, திஸ் இஸ் இனஃப்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். திருந்துவதற்கும் ஒரு வேகம் இருக்கிறது.

பாதி தள்ளியும் பாதி ஓட்டியும் உச்சியை அடைந்தபோது, கதிர் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான். சுதாவின் முகத்தில் அபூர்வமான பெருமை. “ஒரு வெள்ளைக்கார அம்மா சொல்லிட்டுப் போனாங்க. நீங்க சூப்பரா ஏறி வர்றீங்களாம், தண்ணிகூட வேணாம்னுட்டீங்களாம். அதான் நாங்களும் நிம்மதியா உக்காந்துட்டோம்.” தயிர்சாதம் வேணுமா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் வேணும் என்றேன். கொஞ்சம் மிரண்டுபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலதியைக் கூப்பிட்டு முழுக்கதையும் சொன்னேன். மனசில் கிடந்ததால் காபி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நான் அயலான் ஆகிவிட்டேன், எனக்கு எந்த ஊரிலும் இரண்டாவது தடவை கிடையாது என்றெல்லாம் குரல் தழுதழுக்கப் பேசினேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அட போங்ணா. அன்னிக்குப் பால் திரிஞ்சு போச்சு. நீங்க எப்படியும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் தைரியமாக் கேட்டேன். மறுக்காக் கேட்டு, நீங்க சரின்னுட்டீங்கன்னா நான் பாலுக்கு எங்க போறது?”