வேனில் ஏறாத அக்கா

“சைக்கிள் ஓட்டத் தெரியும் தம்பி. பஞ்சர் ஒட்டத்தான் தெரியாது. அதைச் சொல்லிக் குடுங்க” என்று அந்த அக்கா வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்கள் பகுதியான மண்ணரையில் ஓடாமல் கிடந்த ஒரு தறிக் கொட்டகையில் நண்பர்கள் சேர்ந்து சைக்கிள் பழுது பார்க்கும் இடம் ஒன்றை நடத்தினோம். வாரநாட்களில் நான் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஞாயிறன்று யார் வேண்டுமானாலும் வந்து, எங்கள் ஸ்பேனரை எடுத்து, தங்கள் சைக்கிளைத் தாங்களே சரிசெய்துகொள்ளலாம். தெரியாததைச் சொல்லிக்கொடுப்போம். காசு கிடையாது. அங்கே வந்த முதல் பெண் அவர்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனி ஒன்றில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். இலவசம்தான். ஆனால் சாயங்காலம் அது எப்போது கிளம்பும் என்பதை சூப்பர்வைசர்தான் முடிவு செய்வார். ஆர்டர் அவசரம் என்றால் ஒரு ஷிப்டு ஒன்றரை ஆகிவிடும். முடியாது என்று சொன்னாலும் வீட்டுக்குப் போக வண்டி இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். சைக்கிளில் வருகிறேனே என்று அக்கா கேட்டபோது, பஞ்சரானால் நடுரோட்டில் நிற்பாயா என்று சூப்பர்வைசர் சிரித்தாராம்.

துணியில் ஓட்டை தேடிப் பழகிய விரல்கள் அவருடையவை. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். சில வாரங்களில் தடவிப் பார்த்தே கண்டுபிடித்தார். பிறகு உடன் வேலை செய்யும் பெண்களையும் கூட்டிவந்தார். ஒருநாள் ஷிப்டு முடிந்ததும், சூப்பர்வைசர் ஓவர்டைம் சொல்வதற்குள், எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளே கேட்டுக்குள் சைக்கிள் கூடாது என்றார்கள். பெண்கள் எதிரே பேக்கரி ஓரமாக நிறுத்தினார்கள். அந்த வாரமே ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாச் சக்கரங்களும் காற்றில்லாமல் கிடந்தன. ஒவ்வொரு டயரிலும் ஊசி குத்தியிருந்தது. பேக்கரிக்காரர் போன் செய்ய, பஞ்சர் ஒட்டும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டருகே வேன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. சூப்பர்வைசர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டியூபைக் கழற்றக் குனியப் போனேன்.

“நீங்க சாமானை மட்டும் குடுங்க தம்பி. நாங்க ஒட்டிக்கிடுதோம்” என்றார் அக்கா.

ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்து அத்தனை டியூபையும் ஒட்டினார்கள். ஒருத்தி காற்றடிக்க இன்னொருத்தி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். வேன் காலியாகவே கிளம்பியது.

சில நாள் கழித்து, கொட்டகைக்கு உரிமையாளரான பெரியவர் என்னை வீட்டுக்கு வரச்சொல்லிக் காப்பி கொடுத்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க. கம்பெனிக்காரங்க நமக்குச் சொந்தமுங்க. பொம்பளைங்க வந்து போற எடம், நாளைக்கு ஒண்ணுன்னா பேரு கெட்டுப்போயிருமுங்க. சாவியைக் குடுத்துருங்க.” ஊசி குத்தியவனுக்குக் கெடாத பேர், பஞ்சர் ஒட்டியவளுக்கு எப்படிங்க கெடும் என்று கேட்டேன். அவர் உள்பக்கம் திரும்பி இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றச் சொன்னார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னை வைதிருந்தால்கூட மறந்திருப்பேன். ஒரு மரியாதைக் குறைவும் இல்லாமல் அந்த அநியாயம் நடந்ததைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

ஆர்டர் இல்லை என்று சொல்லி அக்காவைக் கம்பெனி நிறுத்தியது. அவர் நல்லூரில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் சேர்ந்து, சைக்கிளிலேயே போய்வந்தார். எங்கள் ஸ்பேனர்களில் பாதி அவர் வீட்டுக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீட்டு வாசலில் அவரே சொல்லிக்கொடுத்தார். மற்றவர்களில் சிலர் வேனுக்கே திரும்பினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன மாதம் மெஷின் பார்க்க அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். இப்போது வேனில் ‘மகளிர் பாதுகாப்பு வாகனம்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் நான் வெளியே வந்தபோது, வடக்கிலிருந்து வந்த பெண்கள் சிலர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரைக் காணோம். எப்போது கிளம்பும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். சூப்பர்வைசர் இருக்கும் ஆபீஸ் ஜன்னலைக் கை காட்டினாள்.