அசையாதே என்று சொல்லாதவர்

“டக்கு டக்கு டக்கு… ஙீஈஈ… டர்ர்ர்ர்…”

சத்தம் தரையில் கிடக்கும் துணிக் குழாய்க்குள்ளிருந்து வருகிறது. வெளியே தெரிவது இரண்டு கால்களும் பாதித் தொப்பையும். மீதித் தொப்பை எப்படியோ உள்ளே போய்விட்டது. பிள்ளைகளை ஸ்கேன் மிஷினுக்கும் அதன் சத்தத்துக்கும் பழக்க, ஸ்கேன் ஆபரேட்டர் ஐம்பது வயதில் தன் காலை வேலையை இப்படித்தான் ஆரம்பிக்கிறார். நாற்காலிகளில் காத்திருக்கும் பெற்றோர்கள், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. நீட்டிய கால்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தையல் மிஷின். உட்கார்ந்தாலும் சரி, நின்றாலும் சரி, வலது கால் ஓட ஆரம்பித்துவிடும். மேசை ஆடும், மேசைமேல் தேநீர் ஆடும், பக்கத்தில் எழுதுகிறவரின் கையெழுத்தும் ஆடும். “ஒரு தடவை என் சம்சாரம் நிலநடுக்கம்னு பிள்ளையத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடிட்டா. நான் பாட்டுக்குக் கட்டில்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன்” என்று பெருமையாகச் சொல்கிறார். இப்படிப்பட்டவரைத்தான் பிள்ளைகளை ஆடாமல் படுக்கவைக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை.

அங்கே நடப்பது ஓர் ஆய்வு. மூளையின் அடியில், கழுத்தை ஒட்டி, மூளைத்தண்டு என்று ஒரு சின்னக் காம்பு இருக்கிறது. கைகாலை அசைக்கச் சொல்லி மூளை அனுப்பும் செய்தி அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகள் சிலர் நடக்கவும் பிடிக்கவும் ஏன் தடுமாறுகிறார்கள், அந்தக் காம்பில் ஏதாவது வித்தியாசம் இருக்குமா என்று தேடுகிறார்கள். பிள்ளை கொஞ்சம் புரண்டாலும் படம் கலங்கிவிடும். மயக்க மருந்து கொடுப்பதில்லை. தையல் மிஷின்தான் மருந்து.

அவர் அறையில் ஒரே சட்டம்: யாரும் “அசையாதே” என்று சொல்லக்கூடாது. “சொன்னாத்தான் அது ஞாபகமே வரும். உங்க மூக்கச் சொறியாதீங்கன்னு இப்ப சொல்றேன், எங்க, இருங்க பார்ப்போம்” என்றார், இதைப் பற்றி எழுதப் போன என்னிடம். மூக்கைச் சொறிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் கால் துள்ளினால் அவர் வாயே திறக்கமாட்டார். முட்டிமேல் உள்ளங்கையை வைத்து, அது அடங்கும்வரை அழுத்திப் பிடிப்பார். வித்தை அவ்வளவுதான்.

நான் போன அன்று வந்தவளுக்கு ஐந்து வயது. நுனிக்கால் நடை, பேச்சு அபூர்வம். கரண்டி அவள் கையில் நிற்காது. சட்டைப் பொத்தான் ஜென்ம விரோதி. ஏற்கெனவே இரண்டு முறை ஸ்கேன் பாதியில் இறங்கி ஓடிவிட்டாள். இந்த முறையும் படம் கிடைக்காவிட்டால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். கூடவே அம்மாவும் அத்தையும் வந்திருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அதாவது எல்லாம் தெரிந்தவர்.

“தண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. இவ ஊட்டி ஊட்டியே வளர்த்துட்டா. புள்ளைக்குக் கை எப்படி வரும்?” என்றார் அத்தை ஆபரேட்டரிடம்.

“அண்ணி, இங்க வேணாமே” என்றாள் அம்மா.

அத்தை தண்ணீர் குடிக்கப் போனதும் அம்மா ஆபரேட்டரிடம் மெதுவாகச் சொன்னாள்: “இவ ஒருத்தி படத்த வச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நிறையப் பிள்ளைங்க படம் சேர்ந்தாத்தானாம். பரவாயில்லண்ணா. இது நிஜமாவே என் வளர்ப்பாலதானான்னு வீட்ல யாரும் யோசிச்சுக்கூடப் பார்க்கல, முடிவே பண்ணிட்டாங்க. இங்க யாரோ உட்கார்ந்து தேடுறாங்க. அந்தக் கூட்டத்துல இவ படமும் இருக்கட்டும்.” அத்தையின் கைப்பையைத் தூக்கி வெளியே எறியலாமா என்று எனக்குத் தோன்றியது.

பெண்ணுக்குக் காதில் ஹெட்போன் மாட்டி நிஜ ஸ்கேன் மிஷினுக்குள் அனுப்பினார்கள். நாங்களும் ஆய்வு நடத்தும் டாக்டரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். எல்லாம் நன்றாகத்தான் போனது, அத்தை மேசைமேல் இருந்த மைக்கைப் பார்க்கும்வரை. பொத்தானை அழுத்தி, “பாப்பா, அசையாதடி” என்றார். உள்ளே இரண்டு கால்களும் உதைக்க ஆரம்பித்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆபரேட்டர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். “அக்கா, நீங்க ஆடாம இருங்க, புள்ள தானா இருக்கும்” என்று சொல்லி, டாக்டரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். கால்மாட்டில் நின்று அவள் முட்டிமேல் கையை வைத்தார். உதைப்பு மெல்ல அடங்கியது. டாக்டர் மறுபடி மிஷினை ஓட்டினார்.

யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஆபரேட்டரின் வலது காலில். அது ஆடாமல் நின்றது. அந்த ஏசி குளிரிலும் அவர் நெற்றியில் வேர்த்து, ஒரு சொட்டு மூக்கு நுனிவரை இறங்கித் தொங்கியது. துடைக்கவில்லை. அத்தைகூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். மிஷின் ஓய்ந்ததும் டாக்டர் தலையை ஆட்டினார். படம் கிடைத்துவிட்டது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆபரேட்டர் வெளியே வந்து நாற்காலியில் விழுந்தார். அடக்கி வைத்ததையெல்லாம் வட்டியோடு சேர்த்து வலது கால் ஓட ஆரம்பித்தது. மேசை ஆடியது, மைக் ஆடியது. பெண் நுனிக்காலில் வந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் முட்டிமேல் கையை வைத்தாள். விரல்கள் பிடி நழுவிச் சரிந்தன. இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து, கால் அடங்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.