தட்டிப் பார்த்துச் சொன்னவள்

காத்தான்குடி வாவிக்கரையில் போய் நபீஸா வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். 'பைபர் ராத்தா', அதாவது பைபர் அக்கா, என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போய் விடுவார்கள்.

நபீஸா முதலில் நெசவுக்காரி. கடற்கரைப் பக்கம் இருந்த வீட்டையும் அதற்குள் இருந்த தறியையும் சுனாமி ஒரே வாரலில் வாரிக்கொண்டு போனது. உட்கார்ந்து அழ அவளுக்கு வசதியில்லை. உதவி நிறுவனம் ஒன்று வள்ளம் கட்டும் பட்டறை போட்டு ஆள் தேடியபோது போய் நின்றாள். பைபர் என்கிற கண்ணாடி நார் விரிப்பை அச்சில் பரப்பி, ரெசின் பசை பூசி, அதன்மேல் அடுத்த விரிப்பைப் பரப்ப வேண்டும். ஆண்கள் சாக்கை விரிப்பதுபோல விரித்தார்கள். இவள் சேலையை விரிப்பதுபோலச் சுருக்கமில்லாமல் விரித்தாள். இருபது வருடம் நூலோடு மல்லுக்கட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

காய்ந்த வள்ளத்தை ஒரு ரூபாய் நாணயக் குத்தியால் தட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். அடுக்குகள் ஒட்டியிருந்தால் சத்தம் கணீரென்று வரும். உள்ளே பிரிந்திருந்தால் மொத்தையாக வரும். ஒருநாள் ஒரு வள்ளத்தின் வயிற்றில் நபீஸாவுக்கு அந்த மொத்தைச் சத்தம் கேட்டது. ஆனால் பெரியவர்கள் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் மாதம் கடலில் அந்த வள்ளம் பிளந்தது. அதில் போன இரண்டு பேரும் நீந்தித்தான் உயிர் தப்பினார்கள். நபீஸா அவர்கள் வீடுகளுக்கே போய், தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று சொன்னாள். அவர்கள் திட்டிய திட்டையெல்லாம் நின்று வாங்கினாள். அதற்குப் பிறகு, காதில் கேட்டதை யார் முகத்துக்கும் பயந்து அவள் விழுங்கியதில்லை.

பட்டறை மூடிய பிறகு வாவிக்கரையில் சொந்தமாகக் கொட்டில் போட்டு, உடைந்த வள்ளங்களுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்து வந்தாள்.

யுத்தம் முடிந்த மறுவருடம் களுவாஞ்சிக்குடியில் சித்திரை வருடப்பிறப்புக்குச் சைக்கிள் ஓட்டப்போட்டி வைத்தார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சோதனைச் சாவடியில் இறங்கி நடக்காமல் ஓடக்கூடிய போட்டி. அதன் செயலாளர் யோகராசா. முப்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவர், கோபமும் அதே அளவு பழையது. அவருடைய மருமகன், தங்கையின் மகன் நிலோஜனுக்குச் சுவிஸில் இருக்கும் அண்ணன் காபன் நாரால் செய்த சைக்கிள் ஒன்றை அனுப்பியிருந்தான். இரண்டு விரலில் தூக்கலாம் என்று ஊரே வந்து தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

போட்டிக்கு ஆறு நாள் இருக்க, பயிற்சி ஓடிக்கொண்டிருந்த நிலோஜனுக்குக் குறுக்கே மாடு ஒன்று வந்தது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. நிலோஜனுக்கு முழங்கை தேய்ந்தது. யோகராசா தன் வழக்கப்படி முன்னிருந்து பின்வரை நூல் பிடித்துப் பார்த்தார். எங்கேயும் கோணல் இல்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மட்டும் நகத்தளவு பூச்சு உதிர்ந்திருந்தது. பைபர் ராத்தாவிடம் கொடுத்துப் பூசிக்கொண்டு வா என்று அனுப்பினார்.

நபீஸா பூசுவதற்கு முன் தட்டினாள். மேலிருந்து கீழே நான்கு இடத்தில் கணீரென்றது. ஐந்தாவது இடத்தில், பூச்சு உதிர்ந்ததற்கு நாலு விரல் கீழே, மொத்தையாக விழுந்தது. பஞ்சை எடுத்து அந்த இடத்தில் மெதுவாக இழுத்தாள். பஞ்சு சிக்கிக்கொண்டு நின்றது.

"இது ஓடாது மனே," என்றாள். "மேலுக்கு ஒண்டும் தெரியா. உள்ளுக்க நூல் அறுந்து இரிக்கி."

நிலோஜனின் முகம் செத்துப்போனது. மாமாவுக்கு ஃபோன் பண்ணினான். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

நூல் பிடித்துப் பார்த்த கதையை யோகராசா இரண்டு தரம் சொன்னார். பிறகு குரல் ஏறியது. "தோணிக்கு ஒட்டுப் போடுற ஆள் எனக்குச் சைக்கிள் படிப்பிக்கிறதோ?"

பூசிக் கொடுத்தால் இந்தச் சத்தம் இப்போதே ஓய்ந்துவிடும். சொன்னது பிழைத்தால் நாளைக்கு ஒரு வள்ளமும் இந்தக் கொட்டிலுக்கு வராது. எல்லாம் தெரிந்துதான் நபீஸா சொன்னாள்.

"இரும்பெண்டா வளைஞ்சி காட்டும் அண்ணன். இது முறியிற அண்டைக்குத்தான் காட்டும். என்ட சொல்ல நம்பவேணாம். கழட்டி வைஸில பூட்டி, நீங்களே இழுத்துப் பாருங்க. தாங்கிச்செண்டா நான் இந்தக் கொட்டில மூடுறன்."

யோகராசா ஃபோர்க்கைக் கழற்றி, கொட்டில் மேசையில் இருந்த வைஸின் இரும்புத் தாடைக்குள் வைத்து இறுக்கினார். நுனியில் இரும்புக் குழாயைக் கொழுவி இழுத்தார். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் இழுத்துவிட்டு நபீஸாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். மூன்றாம் தரம் 'டப்' என்றது. ஒரு கால் மடிந்து தொங்கியது. பிளந்த வாய்க்குள்ளிருந்து கறுப்பு நூல்கள் பிரிந்து நின்றன.

யோகராசா அங்கே கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். மருமகனைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "நாளைக்கு விடிய மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால உன்னை விரட்ட இருந்தனேடா," என்றார்.

நபீஸாவுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, தன் காதைத் தானே ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போட்டியன்று யோகராசா ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் எள் போட இடமில்லை. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. நிலோஜன் மாமாவின் பழைய இரும்புச் சைக்கிளோடு வரிசையில் நின்றான். மட்டக்களப்பு நகரத்துப் பெடியன் ஒருவனிடமும் காபன் சைக்கிள் இருந்தது. போன கிழமை பாலத்தடியில் விழுந்தவன் என்று தெரிந்ததும் யோகராசா அவனை மறித்துவிட்டார். ராத்தா பார்த்துச் சொன்னால்தான் விடுவேன் என்று மைக்கிலேயே சொன்னார். நகரத்து ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர் அசையவில்லை.

நபீஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டில் குந்தினாள். குத்தியை எடுத்தவள் தட்டாமல் நிமிர்ந்தாள். இந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்றாள்.

யோகராசா கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. பிறகு சனமும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தியது. அந்தச் சந்தி முழுவதும் ஒரு பெண்ணின் காதுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் அவசரப்படவில்லை. மேலிருந்து கீழே, ஒவ்வொரு குழாயாக, இரண்டு பக்கமும் தட்டி முடித்தாள்.

"ஓடலாம்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் யோகராசா கொடியைக் கையில் எடுத்தார்.