தையல் வெளியே தெரிந்த சட்டை

எங்கள் வீட்டில் என்னைச் சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வயதில் எனக்கு ஒருவர்மேலும் நம்பிக்கை இருந்ததில்லை. பால்காரர் கிணற்றடிப் பக்கமாக வந்தாரென்றால் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவேன். ஆனால் நான் எடுத்து நடத்திய பெரிய வழக்கு மாமியின் மேல்தான். அதில் தீர்ப்பையும் நானே எழுதினேன். தண்டனை மட்டும் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பா நயினாதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் பூசை செய்துவந்தார். மாமி அவருடைய தமக்கை. கணவர் போனபிறகு எங்களோடு வந்து இருந்தவர். நெடுத்துப் பருத்த உடம்பு, அதற்கேற்ற குரல். ஆசாரத்தில் அவரை விஞ்சத் தீவில் ஆளில்லை. குளிக்காதவர் குசினி வாசலை மிதிக்க முடியாது. பள்ளிக்கூடத்தால் வந்த என்னை உடுப்போடு கிணற்றடிக்கு அனுப்பி, தலையில் நாலு வாளி வார்த்தபிறகுதான் தேத்தண்ணீர் தருவார். நான் பிறப்பதற்கு முன் ஒரு வருடம் கொழும்பில் யாருக்கோ பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தாராம். நாங்கள் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு வருடம்தான் என்று அப்பா பகிடி விடுவார். மாமி மட்டும் அதற்குச் சிரிக்கமாட்டார்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், மாரி முடிந்த கையோடு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மார்பில் ஒரு கட்டி இருந்தது, வெட்டி எடுத்தாயிற்று என்று எனக்குச் சொன்னார்கள். பிறகு கரண்ட் பிடிக்க வேண்டும் என்றார்கள்; கதிர்வீச்சு வைத்தியத்துக்கு ஊரில் அதுதான் பேர். அம்மா திங்கட்கிழமை முதல் லாஞ்சியில் போய், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஓர் உறவினர் வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வருவார். தீவில் எங்கள் வீட்டுக்கே இன்னும் கரண்ட் வரவில்லை, அம்மாவுக்கு மட்டும் என்னத்துக்கு என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் விழுந்துவிட்டது.

சந்தேகம் மாமியின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் குளிப்புத்தான். ஆஸ்பத்திரியால் வந்த அம்மாவை மாமி கிணற்றடிக்கே விடவில்லை. அறைக்குள் இருத்தி, ஈரத்துணியால் கையையும் காலையும் துடைத்துவிட்டு, அப்படியே குசினிக்குள் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். எனக்கு நாலு வாளி வார்க்கும் அதே மாமி!

"மஞ்சளும் வேண்டாம், சந்தனமும் வேண்டாம். சவுக்காரத்தைத் தொடவே கூடாது. வேர்த்தால் தேய்க்காதை பிள்ளை, ஒத்தி எடு," என்று அம்மாவுக்கு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமிக்கு மெல்லிய குரல் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்தார். அவித்துத் தோய்த்து நிழலில் உலர்த்தி, அம்மாவுக்குத் தொளதொளவென்று ஒரு சட்டை தைத்தார். தையல் முழுவதும் வெளியே தெரிந்தது. பிசகிப்போயிற்றாக்கும் என்று பார்த்தால் இரண்டாவது சட்டையும் அப்படியே. உடுப்பைப் புறம்மாறி உடுத்துவது செய்வினைக்காரர் வேலை என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி எனக்குச் சொல்லியிருந்தாள். போதாததற்கு, நான் அம்மாவை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற நேரமெல்லாம் மாமி நடுவில் வந்து நின்றார். இடப்பக்கம் போகாதை, வலப்பக்கம் போ என்பார். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வர இவர் யார் என்று எனக்குக் கோபம் பொங்கியது.

வழக்கு முற்றியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பா கோயிலில். மாமி பின்வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா காற்றுப்படச் சட்டையைத் தளர்த்திவிட்டு நித்திரையாக இருந்தார். விசிறப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவின் நெஞ்சின் இடப்பக்கத்தில் ஊதா மையால் கோடுகள் கீறியிருந்தன. தோள் எலும்புக்குக் கீழே குறுக்கே ஒன்று, நடுநெஞ்சில் நெடுக்கே ஒன்று, மூலையில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி. கோடுகளுக்கு உள்ளே தோல் சிவந்து, வெயிலில் வெந்தது போலக் கிடந்தது.

வேறு வீட்டுப் பிள்ளை என்றால் அழுதிருக்கும். நான் யந்திரம் எழுதுகிறவரின் மகள். செப்புத் தகட்டில் அப்பா முதலில் மையால் கோடு போட்டு, அதன் மேல்தான் கீறுவார். கோடு பிழைத்தால் தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், பாதியாக வெட்டித் தேய்த்து அழித்துவிடுவார். எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. மாமி அம்மாவின் உடம்பிலேயே யந்திரம் எழுதிவிட்டார்! அது அழிந்துவிடாமல் இருக்கத்தான் குளிக்கவும் விடவில்லை.

குசினிக்கு ஓடிப்போய்ப் பாதித் தேசிக்காயோடு வந்தேன். ஓர் இழுவையில் குறுக்குக் கோடு பாதி போயிற்று. இரண்டாவது இழுவையில் அம்மா துடித்து எழுந்தார். அவர் கத்தவில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

அம்மா எழுந்த வேகத்தில் பக்கத்துக் கதிரை விழுந்த சத்தத்துக்கு மாமி ஓடிவந்தார். நான் விடவில்லை.

"மாமிதான் அம்மாவுக்குச் செய்வினை செய்தவ! நான் கண்டனான்!"

எனக்கு அடி விழும் என்று இருந்தேன். மாமி என் கையில் இருந்த தேசிக்காயைப் பார்த்தார். மண்பானைத் தண்ணீரை எடுத்துவந்து சிரட்டையால் மெல்ல மெல்ல வார்த்தார். வேட்டித் துண்டால் ஒத்தினார்.

"எனக்குத் தெரியும் இது எப்பிடி எரியும் எண்டு," என்றார்.

செய்தவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நான் மனத்துக்குள் நினைத்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

"டொக்டர் கீறின கோடு அழிஞ்சுபோச்சே மச்சாள், அவர் ஏசப்போறார்," என்று அம்மா விம்மினார்.

"வேர்வையில அழிஞ்சது எண்டு சொல்லு. பிள்ளையின்ரை பேரை எடுக்காதை. என்ரை தம்பிக்கும் சொல்ல வேண்டாம்."

திங்கட்கிழமை டொக்டர் அம்மாவை நன்றாக ஏசினாராம். தோல் புண்ணாகிவிட்டதால் அது ஆறும்வரைக்கும் கரண்ட் பிடிக்க ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு கிழமை தாமதம். அந்த இரண்டு கிழமையும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு புதுக் கோடுகளோடு வந்த அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "சி.ஐ.டி., கோடு எல்லாம் இருக்கோ எண்டு நீர்தான் ஒவ்வொரு நாளும் பார்த்துச் சொல்ல வேணும். தொடாமல் பாரும்," என்றார். உத்தியோகம் கிடைத்தது, நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஆனால் மாமியோடு ஒரு வருடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவர் ஊற்றிய தேத்தண்ணீரை மணந்து பார்த்துவிட்டுக் குடித்தேன். அவர் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார்.

அம்மா தேறினார். தோல் கறுத்து, உரிந்து, பிறகு ஆறியது. நான் கலியாணம் முடித்து ஊர்காவற்றுறைக்குப் போன அடுத்த வருடம் மாமி காலமானார். அந்தியேட்டி முடிந்தபின் அம்மாவும் நானும் அவருடைய றங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், கற்பூரம் போட்டு மடித்தபடி, நைந்த வெள்ளைச் சட்டை ஒன்று. தையல் முழுவதும் வெளியே. உள்பக்கத்தில், இடமார்பு வருகிற இடத்தில் மங்கலாக ஊதாக் கறை.

"உங்கடை சட்டையை ஏன் மாமி வைச்சிருந்தவ?" என்று கேட்டேன்.

அம்மா அதை விரித்துத் தன் தோளில் வைத்துக் காட்டினார். அதற்குள் அம்மாவைப் போல இரண்டு பேர் நிற்கலாம்.

"நான் பயத்தில கரண்ட் பிடிக்கப் போகமாட்டன் எண்டு நிண்டனான்," என்றார் அம்மா. "அப்பதான் மச்சாள் கதவைச் சாத்திப்போட்டுத் தன்ரை நெஞ்சில இருந்த தழும்பைக் காட்டினவ. தையல் புண்ணில உரஞ்சாமல் சட்டை தைக்கத் தெரிஞ்சது அதாலதான். அப்பாவுக்குக்கூடத் தெரியாது."

சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். மாமியிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தது. பால் போத்தலையும் தேத்தண்ணீரையும் விடாமல் சந்தேகித்த நான், கொழும்பில் மாமி பேறு பார்க்கப் போனாரே, அப்படி ஒரு பிள்ளை உண்மையில் இருந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.