நாற்பத்தாறு துடிப்பு

நர்சிங் கடைசி வருஷம். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்கான மருத்துவ முகாமில் நாடி பார்த்தே விரல் மரத்துவிட்டது. சங்கு குளிக்கும் அந்தோணி அண்ணனுக்கு நிமிடத்துக்கு நாற்பத்தாறு துடிப்புதான். அறுபதுக்குக் குறைந்தால் கோளாறு என்று படித்தவள் நான்.

"அண்ணே, இதயம் சரியில்ல. கடல்ல இறங்காதீங்க," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"ஏலே, இனி என் படகுல ஏறாத," என்றார் அண்ணனுக்குப் பின்னால் நின்ற படகுக்காரர்.

மறுநாள் அண்ணனைச் சோதித்த டாக்டர் என்னைக் கடிந்தார். "மயக்கம் வருதான்னு கேட்டியாம்மா? மூச்சடக்கிப் பழகுன இதயம். ஒவ்வொரு துடிப்புலயும் நிறைய ரத்தம் தள்ளுது. மெதுவா துடிச்சாலே போதும்."

படகுக்காரர் அண்ணனை மறுபடி ஏற்றிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துக் கரையில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும்ளா. முன்னல்லாம் முங்குனா சங்கத் தேடுவேன். இப்ப நெஞ்சு அடிக்கத எண்ணுதேன்," என்றார்.

அந்தப் பயத்தை எப்படி எடுப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.