ஐந்தாவது கையெழுத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரெங்கம்மாவிடம் அடி வாங்காத ஆள் யார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். குடித்துவிட்டுக் கையை ஓங்கிய புருஷன் ரெங்கசாமியின் மணிக்கட்டை விறகுக் கட்டையால் உடைத்தாள். பிறகு அவளே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தாள். கொழுந்து நிறுக்கையில் இரண்டு கிலோ குறைத்து எழுதிய கணக்கப்பிள்ளைக்கு மண்டையில் நாலு தையல். பீலியில் தண்ணீர் பிடிக்கும் சண்டையில் எனக்கும் ஒருமுறை அடி விழுந்தது. நான் அதை மறக்கவில்லை.

ரெங்கம்மா, ஜெயலெட்சுமி, நான், இன்னும் இருவர் என்று நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு கடன் குழு. ஒருத்தி கடன் எடுக்க மற்ற நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி தவணை தப்பினால் மற்றவர்கள் கட்டும்வரை கடன் கம்பெனி ஆபீசர் கூட்டத்திலிருந்து யாரையும் எழுந்து போகவிட மாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெயலெட்சுமி அப்படித் தப்பினாள். மகன் ஜீவனின் கம்பியூட்டர் படிப்புக்குத் தவணைக் காசைக் கட்டிவிட்டிருந்தாள். எங்களுக்கெல்லாம் அரை நாள் சம்பளம் போனது. ரெங்கம்மா நேராக அவள் லயத்து வீட்டுக்குப் போய், மகன் கண்ணெதிரே மூன்று அறை விட்டாள். முன்பல் ஒன்று தெறித்தது. டிவியையும் தூக்கிவந்து விற்றுத் தவணையைக் கட்டினாள். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஜீவன் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனான். இன்றைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிளேட் கழுவுகிறான்.

இப்போது கடன் எடுக்க ரெங்கம்மாவின் முறை. மகள் சிவசக்திக்குச் பரீட்சையில் சில புள்ளிகள் குறைந்ததால் அரசாங்க கெம்பஸில் இடம் கிடைக்காமல் போனது. கொழும்பில் காசு கட்டித் தாதியர் பட்டம் படிக்கிறாள். இரண்டு வருஷம் முடிந்திருக்கிறது, கடன் எட்டு லட்சம். மூன்றாம் வருஷத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு லட்சம் கட்ட வேண்டும். படிப்பை நிறுத்திவிட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போவதாக மகளே சொன்னாளாம். நானும் நிறுத்தச் சொன்னேன். பொறாமையில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன்.

"இப்ப நிப்பாட்டுனா எட்டு லட்சம் கடன் மட்டுந்தான் நிக்கும். முடிச்சா கடனோட ஒரு பட்டமும் இருக்கும். எதுடி மேல்?" என்று கேட்டாள் ரெங்கம்மா.

செவ்வாய்க்கிழமை பிள்ளைக் காம்பரா வாசலில் குழுக் கூட்டம். உள்ளே பச்சைப் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தன. நானும் மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஜெயலெட்சுமி பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போடுறேன்க்கா. அதுக்கு முன்ன ஒரு வேல இருக்கு."

எழுந்துபோய் ரெங்கம்மாவை அறைந்தாள். ரெங்கம்மாவின் வலது கை மேலே போனது. அந்தக் கையை எனக்குத் தெரியும். ஜெயலெட்சுமி இன்றைக்குப் பிழைக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ரெங்கம்மா மேலே போன கையை இடது கையால் பிடித்து இறக்கினாள். இரண்டாவது அறை விழுந்தது. மூன்றாவதில் உதடு கிழிந்தது. ஆபீசர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஜெயலெட்சுமி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். கடைசியாக ஐந்தாவது கையெழுத்துப் போட ரெங்கம்மா குனிந்தாள். உதட்டிலிருந்து ரத்தம் சொட்டி நாங்கள் போட்ட கையெழுத்துகளின் மேலேயே விழுந்தது.

அந்தத் தாள் செல்லாது என்றார் ஆபீசர். புதுத்தாள் எடுத்து வைத்து, எல்லோரும் மறுபடி போட வேண்டும் என்றார்.

நாங்கள் மூவரும் போட்டோம். ஜெயலெட்சுமி அடிக்க வேண்டியதை அடித்து முடித்துவிட்டாள். இனி கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ரெங்கம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஜெயா, இன்னும் அடிக்கணும்னா அடிச்சிக்க" என்றாள்.

ஜெயலெட்சுமி தாளை இழுத்து, எழுத்துக்கூட்டித் தன் பெயரை மெதுவாக எழுதினாள். முந்தானையை ரெங்கம்மாவிடம் நீட்டினாள்.

"வாயத் தொடச்சிட்டுக் குனிஞ்சு போடுக்கா. இதுலயும் ரத்தம் விழுந்தா எனக்கு மூணாவது தடவ மனசு வராது."