சத்தம் போடாத பை

போன கிழமை என் மகள் கைப்பேசியில் ஒரு முதுகுப்பை வாங்கினாள். நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கி முடிப்பதற்குள் அவள் வாங்கி முடித்துவிட்டாள். மறுநாள் பை வாசலில் கிடந்தது. தடவிப் பார்க்கவில்லை, தூக்கிப் பார்க்கவில்லை, கடைக்காரரோடு ஒரு சின்ன வாக்குவாதம்கூட இல்லை. இப்படியும் ஒரு பை வாங்கலாமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அதைப் பிரித்தபோது வந்த புது நைலோன் மணம் என்னை இழுத்துக்கொண்டுபோய் லண்டன் குரோய்டனில் ஒரு பழைய கடைக்குள் விட்டுவிட்டது. நோர்வே அண்ணைக்கு வேட்டைப் பை வாங்கிய கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. சொல்லியிருந்தாலும் இன்னொருமுறை கேளுங்கள்.

அண்ணைக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. நோர்வேயிலிருந்து லண்டனுக்கு மாறி வந்ததில் அது வழியில் எங்கேயோ விழுந்துபோயிற்று. குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். நான் சீமெந்து குழைத்துக் கொடுத்து, அதையும் கட்டிபடக் குழைத்து ஏச்சு வாங்குகிறவன். எங்களோடு வேலை செய்த பிளம்பர் டேவிட், ஸ்கொட்லாந்துக்காரர். அண்ணையின் மனைவி ரதி அக்கா கட்டிக் கொடுக்கும் மீன் கட்லட்டில் பாதி தினமும் டேவிட்டின் வயிற்றுக்குத்தான் போகும். ஆனாலும் வேலை முடிந்தால் அவர் வழி அவருக்கு. ஒருநாளும் அண்ணையை எங்கும் கூப்பிட்டதில்லை. அந்தக் குறை அண்ணைக்கு உள்ளூர இருந்தது.

அப்படிப்பட்ட டேவிட் ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில், தன் ஊர் மலைக்கு மான் வேட்டைக்கு வருகிறீர்களா என்று எங்கள் இருவரையும் கேட்டார். சுடுகிற துவக்கும் அதற்கான அனுமதியும் அவருடையவை. கூடாரம் போட்டுத் தங்கி நடக்க வேண்டும். ஆளுக்கொரு நல்ல பை கொண்டுவந்தால் போதும்.

"உனக்கு விளங்கேல்லையடா," என்றார் அண்ணை என்னிடம். "இது வேட்டை இல்லை. மனுசன் இப்பத்தான் என்னைத் தன்ர ஆளா நினைச்சுக் கூப்பிடுறான். அங்க போய் ஒரு பிழை விட்டமெண்டால் பிறகு கூப்பிட மாட்டான்."

நான் ஒருவரிடம் இரவல் பை வாங்கிக்கொண்டேன். அண்ணைக்கு இரவல் சரிவராது. குரோய்டன் கடைக்குப் போனோம். அங்கே நரைத்த தலையோடு ஒரு பெண்மணி நின்றார். எத்தனை லீட்டர் பை வேண்டும் என்று கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பி, "இவ என்ன, தண்ணி அள்ளவே போறம் எண்டு நினைக்கிறா?" என்றார். பிறகு அந்த அம்மா நாடாவை எடுத்து அவர் முதுகை அளந்தார். அளப்பது முதுகை என்றாலும் அண்ணை வயிற்றை எக்கி வைத்துக்கொண்டார். பாரம் தோளில் அல்ல, இடுப்பில்தான் இறங்க வேண்டும் என்று அவர் விளக்க, "அங்க ஏற்கெனவே பாரம் இருக்கெண்டு சொல்லடா," என்றார் அண்ணை. நான் மொழிபெயர்க்கவில்லை. பைக்குள் மணல் மூட்டைகளைப் போட்டு நடந்து பார்க்கச் சொன்னதும், அண்ணை நடந்த நடையில் கதவைத் தாண்டி ட்ராம் தரிப்பிடம்வரை போய்விட்டார். கடை முழுக்க அலாரம் அலறியது. அண்ணை அங்கிருந்தபடியே எனக்குக் கைகாட்டி, நல்ல பை என்றார்.

கடைசியில் அந்தப் பெண்மணி ஒரு பச்சைப் பையை எடுத்து அண்ணையின் காதருகே வைத்து நகத்தால் சுரண்டினார். சத்தமே இல்லை. மானுக்குக் காது கூர்மை, அதனால் வேட்டைப் பை உரசினாலும் ஓசை வரக் கூடாதாம். விலையைக் கேட்டதும் அண்ணை சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் வாங்கினார்.

புது வாகனம் வாங்கினால் நாங்கள் முதலில் கோயிலுக்குத்தானே கொண்டுபோவோம். பையும் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போயிற்று. "மலை ஏறப் போறன், ஐயா," என்று மட்டும் சொன்னார் அண்ணை. மான் விஷயத்தை ஐயருக்கும் சொல்லவில்லை, அம்மனுக்கும் சொல்லவில்லை. பை சந்தனப் பொட்டோடு வீடு திரும்பியது.

ரதி அக்கா வீட்டில் சோபா, ரிமோட், மெத்தை எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள்தான் வாழ்ந்தன. அவ்வளவு விலை கொடுத்த பையை அவர் சும்மா விடுவாரா? சோபாவுக்குத் தைத்து மிஞ்சிய தடித்த பிளாஸ்டிக்கில் அளவாக ஓர் உறை தைத்துப் போட்டார். "மழைக்குப் பொட்டும் அழியாது, பையும் ஊத்தைப்படாது," என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. எங்கள் மூளை அப்படி.

மலையில் முதல் நாள் முழுக்க ஊளைக் காற்று. உறையின் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. மறுநாள் காலை, பாதி வழியில் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. டேவிட் முன்னால், அண்ணை நடுவில், நான் பின்னால். டேவிட் கையை உயர்த்தினார். எதிர்ச் சரிவில், கொம்பும் கிளையுமாக ஒரு பெரிய மான். டேவிட் மெல்லப் படுத்துத் துவக்கை நீட்டினார். நாங்களும் படுக்க வேண்டும். அண்ணை படுத்தார்.

சரக், சரக், சரக்.

மான் தலையைத் தூக்கி நேராக அண்ணையைப் பார்த்தது. பிறகு அது அங்கே இல்லை. டேவிட் முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. "முடிஞ்சுதடா," என்று என்னிடம் கிசுகிசுத்தார். டேவிட் புரண்டு படுத்தபோதுதான் தெரிந்தது, மனிதர் மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணையைப் பார்ப்பார், உறையைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பவும் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, "அண்டைக்குப் புரட்டாதிச் சனி, உயிர் கொல்லக் கூடாத நாள். அம்மன்தான் பாவத்தில இருந்து காப்பாத்தினவ," என்றார் ரதி அக்கா. அடுத்த வருடமும் டேவிட் கூப்பிட்டார். அதற்கடுத்த வருடமும். போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல மானின் கொம்பு வளர்ந்தது, அண்ணையின் வயிறும் வளர்ந்தது. அண்ணை ஒவ்வொருமுறையும் கோபித்து எழும்பிப் போவார். கதை முடிகிற நேரம் பார்த்துத் திரும்பி வருவார்.

அந்தக் கடை இப்போது இல்லை. டேவிட்டும் முந்தின மாரிக் குளிரோடு கண்ணை மூடிவிட்டார். இந்தப் புரட்டாதியில் அண்ணையைப் பார்க்கப் போயிருந்தேன். வேட்டைக் காலம் வந்தும் அவரை யாரும் எங்கும் கூப்பிடவில்லை. "அந்த மான் கதையை ஒருக்காச் சொல்லு பாப்பம்," என்றார். எனக்குத் தெரிந்த மாதிரி முழுவதையும் சொன்னேன். அண்ணை கோபிக்கவுமில்லை, எழும்பிப் போகவுமில்லை.

"நீ உள்ளதைச் சொல்லுறாய்," என்றார். "அவன் என்னை இன்னும் மோசமாச் சொல்லுவான்."